ரகுமானின் பாட்டு மங்கிவிட்டதா?

ஆம்பூரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு விஷயங்கள் நிச்சயம். ஒன்று பிரியாணி. இன்னொன்று வாக்குவாதம்.

சீரகச் சம்பா அரிசியில் தம் போட்ட பிரியாணி. பக்கத்தில் புளிப்பும் காரமுமாகக் கத்தரிக்காய்த் தொக்கு. வயிறு நிறைந்த பிறகு வாய் சும்மா இருக்குமா?

ஷூ கம்பெனியில் மணி பார்த்து வேலை செய்கிறவர்களுக்கு, மனம் விட்டுப் பேச வாரத்தில் கிடைப்பது அந்த ஒரு பகல்தான். அரசியல் பேசினால் சண்டை வரும். சம்பளம் பேசினால் கவலை வரும். ஆகவே, பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். அதிலும் சண்டைதான் வருகிறது!

"ஏ.ஆர்.ரகுமானின் பாட்டு முன்பு போல இல்லை. மங்கிவிட்டது" என்கிறது ஒரு கட்சி.

"மங்கியது பாட்டு அல்ல, உங்கள் காது" என்கிறது மறு கட்சி.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இரண்டு கட்சிக்காரர்களும் ரகுமானின் ரசிகர்களே! பிடிக்காதவர்கள் இந்தப் பேச்சுக்கே வருவதில்லை. பிடித்தவர்கள்தான் அடித்துக்கொள்கிறார்கள்.

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய தோல் ஊர்களில் மட்டும் நடக்கும் வழக்கு அல்ல இது. தமிழர் இருக்கும் ஊரெல்லாம் நடக்கிறது. ஆனால், தோல் ஊர்க்காரர்களிடம் இதற்கு ஒரு நல்ல விடை இருக்கிறது. அது என்ன என்று பின்னால் பார்ப்போம்.

இது வெறும் சினிமாப் பேச்சுதானே என்று தள்ளிவிட வேண்டாம். நீண்ட காலம் உழைத்த ஒருவரின் கைத்திறனை எப்படி எடை போடுவது? இந்தக் கேள்வி ஒவ்வொரு பட்டறையிலும், ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அதனால்தான் இந்த வழக்கைக் கொஞ்சம் விசாரிக்கிறோம்.

மாமாவும் மருமகனும்

ஒரு வீட்டை மனக்கண்ணால் பாருங்கள்.

மாமாவுக்கு வயது 48. ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் வேலை. மருமகனுக்கு வயது 21. வேலூரில் கல்லூரியில் படிக்கிறான். மூலையில் பாய் விரித்து வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறார், மாமாவின் தாயார்.

1992-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மணிரத்னத்தின் "ரோஜா" வெளிவந்தபோது மாமாவுக்கு வயது பதினைந்து. அந்தப் படத்துக்கு இசை அமைத்த ரகுமானுக்கே அப்போது வயது 25தான். 1967-ல் பிறந்தவர் அவர்.

"அடுத்த வருஷம் ஜென்டில்மேன். அதற்கு அடுத்த வருஷம் காதலன். 1995-ல் பம்பாய். ஒவ்வொரு கேசட்டும் ஒரு திருவிழாடா! இப்போது வருகிற பாட்டு, கேட்ட மறுநாளே மறந்து போகிறது. சரக்கு தீர்ந்துவிட்டது" என்கிறார் மாமா.

மருமகன் விடுவானா?

"2017-ல் மெர்சல் வந்தபோது ஊரே ஆடியது. 2022-ல் வெந்து தணிந்தது காடு. 2023-ல் மாமன்னன். அதில், நம்மைச் சிரிக்க வைத்த வடிவேலுவையே பாட வைத்துக் கண் கலங்க வைத்தாரே! யானை படுத்தாலும் குதிரை மட்டம், மாமா!"

"பார்த்தாயா! படுத்துவிட்டது என்று நீயே ஒப்புக்கொண்டாய்!"

வீடே சிரிக்கிறது. ஆனால் வழக்கு தீரவில்லை.

யார் பக்கம் நியாயம்? அவசரப்பட வேண்டாம். சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூப்பிடுவோம்.

பாட்டியின் சாட்சி

முதல் சாட்சி, மூலையில் இருக்கும் பாட்டி.

"நீங்கள் இரண்டு பேரும் கேட்பது பாட்டா? விசுவநாதன்-ராமமூர்த்தி போட்டார்களே, அது பாட்டு!" என்று அவர் ஒரே போடாகப் போடுகிறார்.

எம்.எஸ்.விசுவநாதனும் டி.கே.ராமமூர்த்தியும் 1952-ல் "பணம்" படத்திலிருந்து இரட்டையராக இசை அமைத்தார்கள். 1965-ல் பிரிந்தார்கள். பிறகு விசுவநாதன் தனியாகவே நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசை தந்தார். அவற்றிலும் பெயர் பெற்ற பாட்டுகள் ஏராளம். ஆனாலும், "இரண்டு பேரும் சேர்ந்திருந்தபோது இருந்த ருசி பிறகு இல்லை" என்பது பாட்டியின் தீர்ப்பு. அதை யாரும் மாற்ற முடியாது!

1976-ல் "அன்னக்கிளி" வந்தது. இளையராஜா வந்தார். அடுத்த தலைமுறை அவர் பின்னால் போயிற்று.

1991-ல் "தளபதி" படத்துக்கு இளையராஜாவிடம் இசை வாங்கிய மணிரத்னம், மறு ஆண்டு "ரோஜா"வுக்கு ரகுமானிடம் போனார். அப்போது இளையராஜாவின் ரசிகர்கள் என்ன சொன்னார்கள்?

"இது கம்ப்யூட்டர் சங்கீதம். எந்திரம் போடும் சத்தம். இதில் உயிர் இல்லை" என்றார்கள்.

இன்று என்ன நடக்கிறது? அதே "ரோஜா" பாட்டைக் கேட்டு, "இதில்தான் உயிர் இருந்தது, இப்போதுதான் எந்திரமாகிவிட்டது" என்கிறார்கள்!

பாட்டு ஒன்றுதான். அன்று அது புதிது, ஆகவே எந்திரம். இன்று அது பழையது; ஆகவே உயிர்.

ஆக, "முன்பு போல இல்லை" என்ற புகார் ரகுமானுக்கு மட்டும் வந்த புகார் அல்ல. நீண்ட நாள் தொழில் செய்த ஒவ்வொருவருக்கும் வந்தது. இதை முதலில் குறித்துக்கொள்வோம்.

சீமையிலும் இதே கதை

இங்கிலாந்தில் "பீட்டில்ஸ்" என்று ஓர் இசைக்குழு இருந்தது. நான்கு இளைஞர்கள். கிட்டாரும் டிரம்மும் வைத்துக்கொண்டு உலகத்தையே ஆட வைத்தார்கள். 1962-ல் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வந்தது. 1970-ல் பிரிந்துவிட்டார்கள். எட்டே வருடம்!

அதே 1962-ல் லண்டனில் தொடங்கியது "ரோலிங் ஸ்டோன்ஸ்" என்ற இன்னொரு குழு. அவர்கள் நிறுத்தவே இல்லை. 2023-ல் கூடப் புது இசைத்தொகுப்பு வெளியிட்டார்கள். அப்போது அந்தக் குழுவின் பாடகர் மிக் ஜாகருக்கு வயது 80!

எட்டு வருடத்தில் கடையைக் கட்டியவர்களைப் பார்த்து, "கிழவர்களான பிறகு பாட்டு மங்கிவிட்டது" என்று யாரும் சொல்ல வழி இல்லை. அறுபது வருடம் கடை திறந்து வைத்திருப்பவர்களிடம், ஒவ்வொரு முறையும் "பழைய சரக்கு போல இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள்.

இதில் ஓர் உண்மை இருக்கிறது. சீக்கிரம் நிறுத்தியவர் பெயர் காப்பாற்றிக்கொள்கிறார். தொடர்ந்து உழைப்பவர்தான் ஏச்சு வாங்குகிறார்.

தராசு சரியா?

இப்போது மாமாவின் தராசைக் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம்.

ஒரு தட்டில் "ரோஜா", "காதலன்", "பம்பாய்" ஆகியவற்றை வைக்கிறார். மறு தட்டில் அண்மையில் வந்த எல்லாப் படங்களையும் கொட்டுகிறார். பழைய தட்டு தாழ்கிறது.

ஆனால் 1994-ம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் "காதலன்" மட்டுமா வந்தது? "புதிய மன்னர்கள்" வந்தது. "வண்டிச்சோலை சின்ராசு" வந்தது. அவற்றுக்கும் ரகுமான்தான் இசை. அந்தப் படங்களின் பாட்டுகள் எத்தனை உங்களுக்கு மனப்பாடம்?

முப்பது வருடத்தில் காலம் என்ற சல்லடை பழைய பாட்டுகளைச் சலித்துவிட்டது. உமி பறந்து போயிற்று. அரிசி மட்டும் நிற்கிறது. புதிய பாட்டுகள் இன்னும் சலிக்கப்படவில்லை. உமியும் அரிசியும் கலந்தே கிடக்கின்றன.

சலித்த அரிசியையும் சலிக்காத நெல்லையும் ஒரே தராசில் வைக்கலாமா?

2010-ம் ஆண்டையும் பாருங்கள். அந்த வருடத் தொடக்கத்தில் "விண்ணைத்தாண்டி வருவாயா" வெளிவந்தது. இளைஞர்கள் கொண்டாடினார்கள். அதே வருடம் டெல்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கு ரகுமான் ஒரு பாட்டு அமைத்தார். அதை நாடு முழுவதும் குறை சொன்னார்கள்.

அதே ஆண்டு. அதே கை. ஒன்று கொண்டாட்டம், ஒன்று திண்டாட்டம்!

எனவே, "இந்தத் தேதி வரையில் நன்றாக இருந்தது, அதற்குப் பிறகு கெட்டுவிட்டது" என்று கோடு போட முடியாது. நல்லதும் சாதாரணமும் எப்போதும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

காது மாறிய கதை

அடுத்த சாட்சி, நம் காது.

மனிதனின் நினைவைப் பற்றி ஆராய்ந்த மனநூல் அறிஞர்கள் ஒன்றைக் கண்டார்கள். வயதான பிறகு ஒருவர் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால், ஏறக்குறைய பத்து வயது முதல் முப்பது வயது வரையில் நடந்தவைதான் மிகுதியாக நினைவுக்கு வருகின்றன. பாட்டும் அப்படியே. அந்த வயதில் கேட்ட பாட்டு நெஞ்சில் ஆணி அடித்தது போல் நிற்கிறது.

மாமாவுக்கு "ரோஜா" வெறும் பாட்டு அல்ல. பதினைந்து வயது. முதல் மீசை. சைக்கிள். பாலாற்றங்கரையில் நண்பர்கள். பாட்டைக் கேட்டால் அத்தனையும் வருகிறது. புதிய பாட்டைக் கேட்டால் பாட்டு மட்டும்தான் வருகிறது. பாவம், புதிய பாட்டு என்ன செய்யும்?

இன்னொரு மாற்றமும் உண்டு. அது கேட்கும் முறையில் வந்த மாற்றம்.

அந்தக் காலத்தில் கேசட் வாங்கக் காசு சேர்க்க வேண்டும். வாங்கியதை வீணாக்க மனம் வருமா? முதலில் பிடிக்காத பாட்டையும் பத்து முறை கேட்டார்கள். ஒரு பாட்டைத் தாண்டிப் போகவேண்டும் என்றால் பொத்தானை அழுத்தி நாடாவை ஓட்ட வேண்டும். சோம்பல்பட்டுக்கொண்டே பல பாட்டுகளைக் கேட்டு, அவற்றையும் விரும்பத் தொடங்கினார்கள்.

"ரகுமான் பாட்டு கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும்" என்று அப்போதே ஒரு பேச்சு உண்டு. மாமாவே இதை நூறு முறை சொல்லியிருப்பார்.

இப்போது செல்போனில் இலட்சக்கணக்கான பாட்டுகள். பத்து வினாடிக்குள் பிடிக்கவில்லையா? விரலால் ஒரு தட்டு. அடுத்த பாட்டு!

கேட்கக் கேட்கப் பிடிக்கிற பாட்டை ஒரே ஒரு தடவை, அதுவும் பாதி கேட்டால் எப்படிப் பிடிக்கும்? மாமா தம் செல்போனில் எத்தனை புதிய பாட்டுகளைப் பத்து முறை கேட்டிருப்பார்? இதை மருமகன் கேட்டான். மாமா பதில் சொல்லாமல் தண்ணீர் குடித்தார்.

படமும் மாறியது

பாட்டுக்கு வீடு சினிமா. அந்த வீடே மாறிவிட்டது.

முன்பு ஒரு படத்தில் ஐந்து, ஆறு பாட்டுகள் இருந்தன. கதையை நிறுத்திவிட்டு, கதாநாயகனும் கதாநாயகியும் முழுப் பாட்டையும் வாயசைத்துப் பாடினார்கள். ஜனங்கள் அதற்காகவே படம் பார்க்கப் போனார்கள். இசை அமைப்பாளருக்கு நாலைந்து நிமிடம் முழுசாகக் கிடைத்தது. பல்லவி, அனுபல்லவி, இரண்டு சரணம் என்று வீடு கட்டினார்.

இப்போது பல படங்களில் பாட்டு பின்னால் ஓடுகிறது. முன்னால் கதை ஓடுகிறது. பாதிப் பாட்டு வெட்டப்படுகிறது. கதவும் ஜன்னலும் இருக்கின்றன. வீடு முழுசாக இல்லை.

ரகுமானின் வேலையும் பரந்துவிட்டது. இந்தியில் இசை அமைத்தார். லண்டன் நாடக மேடைக்கு இசை அமைத்தார். "ஸ்லம்டாக் மில்லியனர்" படத்துக்காக 2009-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரே மேடையில் இரண்டு ஆஸ்கார் பரிசுகள் பெற்றார். அங்கே "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னதை வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் பார்த்தோம்.

ஒரு வேடிக்கை: அந்தப் பரிசு வந்தபோதே அவருடைய பழைய ரசிகர்கள், "இதைவிட நல்ல பாட்டுகளை அவர் தமிழில் எப்போதோ போட்டுவிட்டார்" என்றார்கள். உலகம் உச்சியில் ஏற்றிய நேரத்தில், உள்ளூர் ரசிகர் "இது உச்சி அல்ல" என்றார்!

விருதுகள் சொல்லும் சேதி

இனி முக்கியமான சாட்சிக்கு வருவோம். மத்திய அரசு தரும் தேசிய விருதுகளைப் பாருங்கள்.

ரகுமான் இதுவரை ஏழு தேசிய விருதுகள் பெற்றிருக்கிறார். முதல் விருது "ரோஜா"வுக்கு. பிறகு "மின்சாரக் கனவு", "லகான்" என்ற இந்திப் படம், 2002-ல் வந்த "கன்னத்தில் முத்தமிட்டால்". இந்த நான்கு விருதுகளும் பத்துப் பதினோரு ஆண்டுகளுக்குள் வந்த படங்களுக்குக் கிடைத்தவை.

அதன் பிறகு நீண்ட இடைவெளி. 2017-ம் ஆண்டுப் படங்களுக்கு ஒரே சமயத்தில் இரண்டு விருதுகள். ஒன்று "காற்று வெளியிடை" பாட்டுகளுக்கு. மற்றொன்று "மாம்" என்ற இந்திப் படத்தின் பின்னணி இசைக்கு. ஏழாவது விருது 2022-ல் வந்த "பொன்னியின் செல்வன்" முதல் பாகத்துக்கு. அதுவும் பின்னணி இசைக்கு.

கவனித்தீர்களா? கடைசி மூன்றில் இரண்டு, பின்னணி இசைக்கு!

இளையராஜாவின் கணக்கும் இப்படித்தான். அவருக்கு ஐந்து தேசிய விருதுகள். "சலங்கை ஒலி" என்று தமிழில் நாம் பார்த்த தெலுங்குப் படம், "சிந்து பைரவி", "ருத்ரவீணை" என்ற தெலுங்குப் படம். இந்த மூன்றும் 1980-களில் வந்தவை. மூன்றும் பாட்டால் பெயர் பெற்றவை. பிறகு 2009-ல் வந்த "பழசி ராஜா" என்ற மலையாளப் படத்துக்கும், 2015-ம் ஆண்டுக்கான விருதுகளில் "தாரை தப்பட்டை"க்கும் கிடைத்தவை, பின்னணி இசைக்கான விருதுகள்.

அதோடு நிற்கவில்லை. 2025-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி, 81 வயதில், லண்டனில் தம்முடைய சிம்பொனியை அரங்கேற்றினார் இளையராஜா. சிம்பொனி என்பது பாட்டுச் சொல் இல்லாமல், பெரிய வாத்தியக்குழு ஒன்றாகச் சேர்ந்து வாசிக்கும் நீண்ட இசை. அதில் வாய்க்கு வேலை இல்லை. காதுக்கே வேலை!

இந்தச் சாட்சி என்ன சொல்கிறது?

வயது ஏற ஏற, இந்தக் கலைஞர்களின் பலம் குறையவில்லை. இடம் மாறியிருக்கிறது. முன்பு நம் உதட்டில் இருந்தது. இப்போது காட்சிக்குப் பின்னால் போய் நிற்கிறது. நாம் பழைய இடத்திலேயே தேடுகிறோம். கிடைக்கவில்லை. "போய்விட்டது" என்கிறோம்.

தோல் தரும் பாடம்

தோல் ஊர்க்காரர்களிடம் விடை இருக்கிறது என்று முன்பே சொன்னோம். அது இதுதான்.

பழைய காலத்தில் தோலை எப்படிப் பதனிட்டார்கள்? ஆவாரம்பட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தொட்டியில் தோலை வாரக்கணக்கில் ஊற வைத்தார்கள். பொறுமையான வேலை. கெட்டியான, மணமுள்ள தோல் கிடைத்தது.

பிறகு குரோம் வந்தது. சுழலும் பெரிய டிரம்மில் தோலைப் போட்டு, குரோம் உப்பைச் சேர்த்துச் சுற்றினார்கள். வாரக்கணக்கில் நடந்த வேலை, மிகக் குறைந்த நேரத்தில் முடிந்தது. ஆவாரம்பட்டைத் தோலைப் பார்த்துப் பழகிய பெரியவர்கள், நீலம் பூத்த அந்தத் தோலைத் தொட்டுப் பார்த்து, "பழைய பதம் போச்சு" என்றார்கள்.

அவர்கள் சொன்னது பொய்யா? இல்லை. பட்டையில் பதனிட்ட தோலின் குணம் குரோம் தோலுக்குக் கிடையாது. செருப்பின் அடிப்பாகம், குதிரைச் சேணம், இடுப்பு வார் ஆகியவற்றுக்குப் பட்டைத் தோல்தான் சிறந்தது.

ஆனால், ஷூவின் மேல்பாகத்துக்கு எது வேண்டும்? அதைக் கம்பெனியில் "அப்பர்" என்பார்கள். மெல்லியதாக இருக்க வேண்டும். வளைய வேண்டும். சூட்டையும் தண்ணீரையும் தாங்க வேண்டும். அதற்குக் குரோம் தோல்தான் சரி.

1970-களில் அரசாங்கம், அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்தியது. முழுசாகப் பதனிட்டு, பொருளாகச் செய்து அனுப்பச் சொன்னது. ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் பெருகின. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கிடைத்தது.

புதிய முறையால் கெடுதலே இல்லையா? உண்டு. தோல் ஷாப்புக் கழிவு பாலாற்றைக் கெடுத்தது. கிணற்றைக் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில், 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு கடுமையான தீர்ப்பு அளித்தது. மாசு செய்தவரே நஷ்டஈடு தர வேண்டும் என்று சொன்னது.

ஆகவே, தோல் விஷயத்தில் ஊரார் எப்படிப் பேசுகிறார்கள்? "பழைய தோல் நல்லது, புதிய தோல் கெட்டது" என்று மொத்தமாகச் சொல்வதில்லை. "எந்த வேலைக்கு?" என்று கேட்கிறார்கள். "எதைப் பெற்றோம், எதை இழந்தோம்?" என்று கேட்கிறார்கள்.

தோலுக்குக் கேட்கும் கேள்வியைப் பாட்டுக்கும் கேட்டால் என்ன?

இழந்தது என்ன?

கேட்டுப் பார்ப்போம். உள்ளதை ஒளிக்காமல் சொல்லுவோம்.

இழப்பு உண்டு. மாமா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

விடிந்ததும் ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் வருகின்றன. பஸ்ஸில் பாட்டு ஓடுகிறது. அவர்கள் உதடு மெல்ல அசைகிறது. அடுப்பு வேலையை முடித்துவிட்டு ஓடி வந்தவர்களுக்கு, தையல் மிஷின் முன்னால் உட்காரும் வரையில் அந்தப் பாட்டுதான் ஓய்வு.

அவர்கள் முணுமுணுப்பது பெரும்பாலும் எந்தப் பாட்டு? எளிய மெட்டு. வாய்க்கு அடங்கும் சொல். வாத்தியம் இல்லாமல், துணி துவைக்கும்போதும் குழந்தையைத் தூங்க வைக்கும்போதும் பாடக்கூடிய பாட்டு.

அப்படிப்பட்ட பாட்டுகளை 1990-களின் ரகுமான் அள்ளித் தந்தார். பட்டணத்துப் பாட்டு மட்டும் அல்ல. "கிழக்குச் சீமையிலே", "கருத்தம்மா" என்று கிராமத்துக்கும் தந்தார். பின்னால் வந்த பல பாட்டுகள் காதுக்கு விருந்து. ஆனால் வாய்க்கு எட்டுவதில்லை. நல்ல ஹெட்போன் வைத்துக் கேட்டால் அதன் நுட்பம் தெரியும். பஸ் இரைச்சலில் தெரியாது. தனியாகப் பாடிப் பார்த்தால் மெட்டு பிடிபடாது.

இது சின்ன இழப்பு அல்ல. ஹெட்போனோடு உட்கார்ந்து கேட்க நேரம் உள்ளவர்கள் சிலர். வேலை செய்துகொண்டே பாடுகிறவர்கள் கோடிப்பேர். அந்தக் கோடிப்பேருக்குப் பாடப் பாட்டு வேண்டும். அதைக் கேட்பது அவர்கள் உரிமை.

ஆனால், "பாடுவதற்கு எளிய பாட்டு குறைந்துவிட்டது" என்று சொல்வது ஒன்று. "அவரிடம் சரக்கு தீர்ந்துவிட்டது" என்று சொல்வது வேறு. முதலாவது நியாயமான குறை. இரண்டாவது அவசரத் தீர்ப்பு.

வீட்டிலேயே ஒரு பரீட்சை

இந்த வழக்கை உங்கள் வீட்டிலேயே தீர்த்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறோம். செலவு இல்லை.

மாமா, 2000-க்கு முன் வந்த ரகுமான் பாட்டுகளில் பத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். மருமகன், 2010-க்குப் பின் வந்தவற்றில் பத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு பக்கமும் சலித்த அரிசி. இதுதான் சரியான தராசு.

மருமகன் தரும் ஒவ்வொரு பாட்டையும் மாமா ஐந்து முறை கேட்க வேண்டும். நடுவில் தள்ளிவிடக் கூடாது. மாமா தரும் பாட்டை மருமகனும் அப்படியே கேட்க வேண்டும். படம் பார்க்கக் கூடாது. காதால் மட்டும் கேட்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, எதை யார் தம்மை அறியாமல் முணுமுணுக்கிறார்கள் என்று பாட்டி கவனிக்கட்டும். அவர்தான் நீதிபதி. அவர் இரண்டு கட்சியையும் சேராதவர்!

மாமா தோற்றால் நஷ்டம் இல்லை. அவருக்குச் சில புதிய பாட்டுகள் கிடைக்கும். மருமகன் தோற்றாலும் நஷ்டம் இல்லை. அவனுக்குத் தன் மாமாவின் பதினைந்து வயது கிடைக்கும்.

மாமாவின் கை

கடைசியாக ஒன்று.

மாமா இளைஞராக இருந்தபோது, தோல் வெட்டுவதில் அவர் கைக்கு ஈடு இல்லை என்று பெயர். இப்போது பக்கத்து மேஜைப் பையன்கள் அவரைவிட வேகமாக வெட்டுகிறார்கள். "மாமாவின் கை முன்பு போல ஓடவில்லை" என்று அவர்கள் பேசிக்கொள்வது அவர் காதிலும் விழுகிறது.

ஆனால், ஒரு தோலை விரித்தவுடன் அவர் கண் அதன் மேல் ஒரு முறை ஓடுகிறது. இங்கே தழும்பு. இங்கே உண்ணி கடித்த புள்ளி. இங்கே வெட்டினால் நாளைக்கு விரியும். வேகமாக வெட்டும் பையனின் கையை நிறுத்தி, தோலைக் கொஞ்சம் திருப்பி வைக்கிறார். ஒரு ஜோடி ஷூ வீணாகாமல் தப்புகிறது.

வெட்டியது பையன் என்று எண்ணிக்கைப் புத்தகத்தில் ஏறும். காப்பாற்றியது மாமா என்று எங்கும் ஏறாது. அது பின்னணி வேலை!

இதை மருமகன் அன்று கவனிக்கவில்லை. மாமாவும் தம்மைப் பற்றி அப்படி நினைத்துப் பார்த்தது இல்லை. பாட்டி மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டே மகனைப் பார்த்துச் சொன்னார்:

"உன் கை ஓடவில்லை என்று கம்பெனியில் எவனாவது சொன்னால் உனக்குக் கோபம் வருகிறதே! அந்தப் பிள்ளையை மட்டும் சரக்கு தீர்ந்தவன் என்கிறாயே, இது நியாயமா?"

மாமா ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு மருமகன் பக்கம் திரும்பினார்.

"அந்த மாமன்னன் பாட்டை இன்னொரு தடவை போடு பார்ப்போம். பாதியில் நிறுத்தாதே" என்றார்.